மாடசாமியின் அப்பீல்

ஐப்பசி 9, திங்கள்

சித்தப்பாவைக் கொன்றது என் அப்பா. கிணற்றுப் பங்குத் தகராறில் மண்வெட்டியால் அடித்தார். ஆயுள் தண்டனை பெற்று மதுரைச் சிறையில் இருப்பதோ எங்கள் பண்ணையாள் மாடசாமி. அரை ஏக்கர் எழுதித் தருவதாக அப்பா சொன்னதை நம்பிப் பழியை ஏற்றுக்கொண்டார். கொலை நடந்த நேரத்தில் அவரும் நானும் தேனிச் சந்தையில் திராட்சைக் கூடை இறக்கிக்கொண்டிருந்தோம். விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை.

இன்று அவர் மனைவி பேச்சி பத்திரம் கேட்டு வந்தார்.

"அப்பீல் முடியட்டும் பேச்சி" என்றார் அப்பா.

"அவுக வெளிய வந்துட்டா நெலம் எதுக்கும்பீக. வராட்டி, கொலகாரன் பொண்டாட்டிக்கு நெலமாம்பீக."

அப்பா சிரித்தார். அப்போதுதான் முடிவெடுத்தேன். நாளை முதல் பஸ்ஸில் போய், நடந்ததை அப்பீல் வக்கீலிடம் எழுதித் தருவேன். சாப்பிடும்போது அப்பாவிடமே சொன்னேன்.

"நீங்களும் வாங்கப்பா. உங்க வாயாலயே சொல்லுங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு, அந்தக் கிணற்று மோட்டாரைப் போடப் போனார்.