கடல்நாய் பார்க்கப் போன அன்று

என் அருமை வனிதா அக்கா,

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்திருந்தேன். இங்கே பரிஸில், மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் மெட்ரோப் படியேறி வீட்டுக்கு வந்தால் சமையல், சமைத்து முடித்தால் நித்திரை. பள்ளிக்கூடக் கன்டீனில் என்னோடு நின்ற ஒருத்தி விலகிவிட்டாள், அவளுடைய வேலையும் இப்போது என் தலையில். இன்று லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். உன்னோடு கதைப்பதற்கும் லீவு எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, பார்த்தாயா?

கோடை விடுமுறைக்கு நானும் மகள் மயூரியும் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் உன் வீட்டுக்குப் போனோம். ஊர் பார்க்க அல்ல. அத்தானைக் கூட்டிக்கொண்டு வர. உன் மகன் சுதன் ஒஸ்லோவிலிருந்து போன் எடுத்திருந்தான்.

"சித்தி, அப்பா பனிக்குள்ளை சறுக்கி விழுந்து கிடந்தவராம். எனக்குச் சொல்லவே இல்லை. என்னோடை வந்திருக்கவும் மாட்டாராம். நீங்கள் கேட்டால் ஒருவேளை வருவார்."

அத்தானுக்காக மயூரியின் அறையை ஒழித்துவைத்தேன். அவள் முகத்தை நீட்டிக்கொண்டு தன் சாமான்களை என் அறைக்கு மாற்றினாள். ரூ பெர்தொனே தெருத் தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்கிப் பொதி செய்துகொண்டு வெளிக்கிட்டோம். அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? விமானத்தில் ஏறும்போதே எனக்குக் களைத்துவிட்டது. இனி இன்னொரு ஆளின் மருந்து, இன்னொரு ஆளின் சாப்பாடு என்று மனம் கணக்குப் போட்டது.

அத்தான் எங்களை நன்றாகத்தான் பார்த்தார். மீன் பொரித்தார், சோறு வைத்தார். பரிஸ் என்று பேச்செடுத்தால் மட்டும் "பாப்பம்" என்றுவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிடுவார். வீட்டுக்குள் இருந்தால் இது சரிவராது என்று, ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த சுதன்தான் எல்லோரையும் காரில் ஏற்றினான். மீன் பக்டரி லீவு நாட்களில் நீயும் அத்தானும் கடல்நாய் பார்க்கப் போவீர்களே, அந்தக் கரைக்கு.

ஆடி மாதத்திலும் அங்கே என்ன குளிர்! நான் இரண்டு கோட் போட்டிருந்தேன். வற்றிய கடலில் பாறைகள் வெளியே தெரிந்தன, பாறை முழுக்கக் கடல்நாய்கள். மண் மூட்டைகளைத் தூக்கிப் போட்டதுபோல் கிடந்தன. ஒன்று கொட்டாவி விட்டது. இன்னொன்று பக்கத்தில் கிடந்ததைத் தள்ளி இடம் பிடித்தது. "ரெகார்த், மமோன்!" என்று மயூரி பிரெஞ்சில் என்னைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே போனில் படம் பிடித்தாள். இத்தனை காலம் நீ கூப்பிட்டும் நான் வராத கரை இதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. நுளம்புக்கடி தாங்காமல் துருவ மான்கள் மலையிலிருந்து இறங்கி வந்தன. ஒரு தாய் மான், கால் நடுங்க அதன் பின்னால் ஒரு குட்டி.

"ஒருத்தரும் அசையாதையுங்கோ," என்றார் அத்தான். அவை எங்களுக்குக் கிட்டவாக நடந்து தண்ணீர் ஓரத்துக்குப் போயின. அத்தான் தன் இடப்பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இருக்கவில்லை.

"வனி, குட்டியைப் பாத்தியே? எவ்வளவு சின்னன்!"

சுதன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன சொல்வது, அக்கா? நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்?

எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லும் என் மகள்தான் வாயைத் திறந்தாள். "ஓம் பெரியப்பா. நல்லாச் சின்னன்."

மான்கள் போனபிறகு அத்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பரிஸுக்கு வரேல்லை, பிள்ளை. கோவிக்காதை. எனக்கு விசர் இல்லை, அவள் இல்லையெண்டு தெரியும். ஆனால் இஞ்சை நிண்டால் அவளின்ரை பேர் தானா வாயிலை வருது. அங்கை வந்தால் வராது."

"திரும்ப விழுந்தால் ஆர் அப்பா பாக்கிறது?" என்றான் சுதன்.

"பக்கத்து வீட்டுக்காரன்தானே போனமுறையும் தூக்கினவன். அவனிட்டை வீட்டுத் திறப்பு ஒண்டைக் குடுக்கிறன், தானே கதவைத் திறந்து வந்து பாப்பான். சரியே?"

சுதன் அத்தானின் கோட் பொத்தானைப் பூட்டிவிட்டான். பிறகு, "நாளைக்கே குடுக்கவேணும்," என்றான். அத்தான் தலையாட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு, ஒரு பாரம் இறங்கியதும் உண்மை. இந்த இரண்டில் எது பெரிது என்று இன்னும் தெரியவில்லை. நீ என்னைப் பிழையாக நினைப்பாயா?

அடுத்த நாள் திறப்புக் கைமாறியது. நாங்கள் தனியே திரும்பினோம். மயூரி தன் அறைக்குப் போய்விட்டாள். ஞாயிறுகளில் அத்தான் கரையிலிருந்து அவளுக்கு வீடியோ கோல் எடுக்கிறார், அவள் தட்டுத்தடுமாறித் தமிழில் கதைக்கிறாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

களைப்பு இன்னும் போகவில்லை, அக்கா. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். வா என்று அத்தானை இனி வற்புறுத்த மாட்டேன். அவர் விட்டுவர முடியாத அந்த இடத்துக்கு, வருகிற கோடையிலும் நான் போவேன்.

உனக்குப் பின் பிறந்தவள்,
தங்கச்சி சாந்தி