கலவை வேனில் ஏறிப் போன பிஸ்தா

பிஸ்தா கிடைத்துவிட்டான்டி, கலவை ஊரில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில், கழுத்தில் புதுக் கயிறும் வயிறு நிறையச் சோறுமாக, வாலை ஆட்டிக்கொண்டு, உயிரோடு கிடைத்துவிட்டான்!

உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் நீலக் கோட்டின் மேல் தலை வைத்து அவன் தூங்குகிறான். நீ போனதிலிருந்து உன் அம்மா அந்தக் கோட்டைத் துவைக்கவே இல்லை. ஷூ கம்பெனிப் பசையின் வாசனை இந்த அறையை விட்டுப் போகவில்லை.

அவன் தொலைந்ததே அந்த வாசனையால்தான். நீ இருந்தவரை தினமும் சாயங்காலம் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு வந்து, உன் கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு உன்னோடு வீடு திரும்புவான். நீ போன பிறகும் ஆறு மாதமாகப் போய்க்கொண்டுதான் இருந்தான். அங்கே இறங்குகிற எல்லாப் பெண்களுக்கும் அதே நீலக் கோட்டு, அதே வாசனை. போன வாரம் கலவைக்குப் போகிற வேனிலிருந்து டீ குடிக்க இறங்கிய யாரையோ நீ என்று நினைத்துவிட்டான். அவள் ஏறியதும் பின்னாலேயே ஏறி, சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டான். கலவையில் இறங்கியபோதுதான் அவர்களே பார்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. உன் அம்மா இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. "அவனும் போய்ட்டான்னா, இந்த வூட்ல நான் யாருக்கு சோறு வடிக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

தெருவே தேடியது. பிரியாணிக் கடை பாய் மதியக் கூட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பாலாற்று மணலில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். தோல் பதனிடும் ஷெட்டு வாட்ச்மேன்கள் ஆளுக்கு ஆள் போன் போட்டு விசாரித்தார்கள். நான் என் ரசிகர் பேஜில் அவன் போட்டோவைப் போட்டேன்.

அன்று நம் ஹீரோவின் பட போஸ்டர் வரும் நாள். அந்த மாதிரி நாளில் ரசிகர் பேஜ் எதுவும் காலையிலிருந்து வேறு பதிவு போடாது. போட்டால் படத்தின் டேக் டிரெண்டிங்கில் கீழே இறங்கிவிடும், அதனால் இது எங்கள் கட்டுப்பாடு. மீறினால் கிழித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் போட்டேன். யாரும் திட்டவில்லை. எங்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி இருக்கிற மதுரை அட்மினே முதல் ஆளாகப் பகிர்ந்து, "பாவம், தேடுங்கப்பா" என்று எழுதினான். சோளிங்கரிலிருந்தும் காவேரிப்பாக்கத்திலிருந்தும் யார் யாரோ தங்கள் தெருவில் திரிகிற பழுப்பு நாய்களை எல்லாம் படம் பிடித்து அனுப்பினார்கள். ராத்திரிக்குள் கலவையிலிருந்து போன் வந்துவிட்டது.

அத்தனை பேரும் நல்லவர்கள்டி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை பாய் தன் பைக்கிலேயே என்னைக் கூட்டிப்போனார். பிஸ்தாவை வைத்திருந்தது உன்னைப் போலவே தையல் பிரிவில் வேலை செய்கிற ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் எனக்கு டீ கொடுத்துவிட்டு, தானும் நம் ஹீரோவின் ரசிகர்தான், என் பேஜை அவ்வப்போது பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தார். நாய் யாருடையது என்று கேட்டார்.

"என் தோஸ்த்தோடது, அண்ணா. அவ இப்ப இல்ல. ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்கல."

அவர் சிரிப்பு நின்றது. "நான் ஓ நெகட்டிவ்தாம்மா. நீ பேஜ்ல போடலியா?"

"போட்டேண்ணா. சாயங்காலம், ஆறு மணிக்கு."

"காலைல போட்டிருந்தா வண்டிய எடுத்துனு வந்திருப்பனே."

குற்றம் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அந்த அக்கா அவரைக் கண்ணால் அடக்கினார். நான் குனிந்து பிஸ்தாவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் ஏன் போடவில்லை என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ போன அன்று நம் ஹீரோவின் டீசர் நாள். உன் ஸ்கூட்டி விழுந்து, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அம்மா எனக்குப் போன் செய்தபோது மணி பத்து. "உன் பேஜ்ல ஒரு வார்த்தை போடுமா" என்றார். ஐந்து மணிக்கு டீசர். அது வந்து ஒரு மணி நேரம் ஆகும்வரை வேறெதுவும் போடக்கூடாது. எனக்குத் தெரிந்த பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நம்பினேன். ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். "உன் பேஜ்ல என் மூஞ்சி ஒரு தடவையாச்சும் வருமாடி?" என்று நீ கிண்டல் செய்வாயே, ஆறு மணிக்கு வந்தது. அரைமணி நேரத்தில் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். அதற்குள் நீ போய்விட்டாய், அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் வேறு.

ரத்தம் கிடைத்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். உனக்காக மீற முடியாத கட்டுப்பாட்டை உன் நாய்க்காக மீறினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அம்மா எனக்குப் போன் செய்தபோது பாய் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அது பத்து மணி என்று அவருக்குத் தெரியும். கலவையில் நான் ஆறு மணி என்று சொன்னதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் நம் தெருமுனையில் பைக்கை நிறுத்தினார்.

"அவ அம்மாகிட்ட நீயே சொல்லிடும்மா. நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவளுக்கும் நீதான் ஓடுன, இவனுக்கும் நீதான் ஓடுன" என்றார். பாராட்டு என்றால் எப்படிக் குதிப்பேன் என்று உனக்குத் தெரியும். இந்தப் பாராட்டை ஆறு மாதமாகச் சுமக்கிறேன். இனி முடியாது. அம்மா உள்ளே சோறு வடிக்கிறார். முடித்துவிட்டு வந்ததும் இதை அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் என்னை விடுவாரா என்று தெரியவில்லை.

அதற்கு முன்பே இதைப் பேஜில் போடுகிறேன். பிஸ்தாவுக்காகத் தேடிய உங்கள் எல்லோரையும்தான் கேட்கிறேன். ஹார்ட் போடாதீர்கள், ஆறுதல் எழுதாதீர்கள். உங்கள் ஊரையும் ரத்த வகையையும் மட்டும் கீழே எழுதுங்கள். யாராவது ரத்தம் கேட்டு வந்தால், அது டீசர் நாளாகவே இருந்தாலும், கேட்ட அந்த நிமிடமே பகிருங்கள்.