உன் பெயர் பொறித்த கோப்பை

அந்த ஸ்பிரே நெடி இன்னும் என் காரை விட்டுப் போகவில்லை. நாலு வாரமாகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு அனுமந்தை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். உப்புக்காற்று உள்ளே வந்து போனதே தவிர, இது போகவில்லை. போட்டிக் கமிட்டிக்காரர்கள் வலி ஸ்பிரே பெட்டிகளை என் டிக்கியில்தான் ஏற்றிவந்தார்கள். ஒரு டப்பா உள்ளேயே கசிந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் குமட்டுகிறது. நெடியால் மட்டும்தான் குமட்டுகிறது என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

நீ போய் இரண்டு வருஷமானதை ஒட்டி உன் பெயரில் கால்பந்துப் போட்டி நடத்தினோம். கோப்பை என் உபயம். அதில் உன் பெயரைப் பொறிக்கச் சொன்னதும் நான்தான். திடல் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். உன் கன்னத்தை வெளுப்பாக்கி, முடியைக் கறுப்பாக்கி, யாரோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், ‘வலியை வென்ற வீரன்’. அதற்கும் கீழே ஒரு மருந்துக்கடை விளம்பரம்: ஸ்பிரே, மாத்திரை, முழங்கால் பட்டை. வலி மாத்திரை தின்று தின்று சிறுநீரகம் கெட்டுச் செத்தவன் நீ. உன் மோவாய்க்குக் கீழே வலி மாத்திரை விற்கிறார்கள். எனக்குத் துப்ப வேண்டும்போல வந்தது. துப்பவில்லை. சால்வை போட்டார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். வியாபாரிக்குச் சிரிப்பு கைவசம் எப்போதும் இருக்கும்.

நீ இடது ஓரத்தில் ஓடுவாய், நான் கோல் கீப்பர். “கதவே இல்லாத வூட்டுக்கு வாட்ச்மேன் நீ” என்று எல்லோர் முன்னாலும் சொல்வாய். சரியாகத்தான் சொன்னாய். நான் சீக்கிரமே கையுறையைக் கழற்றிவிட்டு உப்பு லாரியில் ஏறிவிட்டேன். மூட்டை தூக்கி, தரகு பார்த்து, பிறகு சொந்தமாக ஒரு கிடங்கு. நீ சென்னைக்குப் போய் ஒரு அரசுத் துறை அணியில் வேலையோடு சேர்ந்தாய். கூட ஆடினவர்கள் சீட்டு ஆடிய நேரத்தில் நீ புத்தகம் வாங்கிப் படித்தாய். முதலில் உடற்கல்வி, அப்புறம் விளையாட்டு அறிவியல். ஆடிக்கொண்டே படித்தாய், படித்ததை உன் காலிலேயே சோதித்தும் பார்த்தாய். முட்டி இனி ஓடாது என்றானபோது அணிகள் உன்னை உடல் தகுதிப் பயிற்சியாளராகக் கூப்பிட்டன. ஓடினபோது கிடைக்காத மரியாதை ஓடவைத்தபோது கிடைத்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

சனி ஞாயிறுகளில் ஊருக்கு வந்து இங்கே இருக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த நாள் நினைவிருக்கிறதா? கிடங்குக்கு வந்து, “டேய் கீப்பரு, எடை மிஷினு ஒரு மணி நேரம் வேணும்” என்றாய். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர், அரைக்கால் சட்டையோடு, உப்பு மூட்டை நிறுக்கிற மேடைமேல் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். என் லோடு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“ஏம்பா, இந்த மூட்டைங்க எந்த லாரிக்கு?” என்றான் அவர்களில் ஒருத்தன்.

“இதெல்லாம் ஒழுகுற மூட்டைப்பா” என்றாய் நீ. “வெயில்ல எவ்ளோ ஒழுகுதுன்னு பாத்தாத்தான் எவ்ளோ ஊத்தணும்னு தெரியும்.”

உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் மண் ரோட்டில் ஓடவிட்டு, திரும்பக் கூட்டிவந்து மறுபடி எடை போட்டாய். ஒருத்தன் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தான், இன்னொருத்தி அரைக் கிலோகூடக் குறையவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர் கொடுப்பது மடத்தனம் என்றாய். பிறகு என்னைக் கூப்பிட்டு, கொடியில் காய்ந்த கறுப்புச் சட்டைகளைக் காட்டினாய். சிலதில் வேர்வை காய்ந்து வெள்ளையாகக் கோடு கோடாக இருந்தது. “உனக்குத் தெரிஞ்ச தொழிலுதான். எதுல உப்பு ஜாஸ்தின்னு சொல்லு.” நான் விரலால் தேய்த்துத் தரம் பிரித்துக் கொடுத்தேன். கோடு அதிகமாக இருந்தவர்களுக்குத் தண்ணீரில் கூடுதலாக உப்புப் போடச் சொன்னாய். கடைசியில் என் சட்டையைத் தூக்கிப் பார்த்து, “இதுல ஒண்ணுமே இல்ல, மொதலாளி சட்டை” என்றாய். அன்று சிரித்த சிரிப்பு மாதிரி பிறகு நான் சிரித்ததில்லை.

அடிபட்டவர்களைத் திரும்ப ஆடவிட உன்னிடம் ஒரு சோதனை இருந்தது. நல்ல காலில் ஒற்றைக்காலாக ஒரு தாண்டு. விழுந்த இடத்துக்குச் சற்று முன்னால், பத்தில் ஒன்பது பங்கு தூரத்தில், என் கிடங்கிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை எடுத்துக் கோடு போடுவாய். அடுத்து நோவுக் காலில் தாண்ட வேண்டும். கோட்டைத் தொட்டால் மேற்கொண்டு பார்க்கலாம், தொடாவிட்டால் அன்றைக்குத் திடலில் கால் வைக்கக்கூடாது. யாராவது மாத்திரை போட்டுக்கொண்டு தாண்டுகிறேன் என்றால் உனக்கு முகமே மாறிவிடும். “வலி சேதி கொண்டுவர்ற ஆளு. ஆள அடிச்சுத் தொரத்திட்டா சேதி பொய்யாயிடுமா?”

இதை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். பாண்டியில் நடந்த அந்தத் தேர்வு ஆட்டத்தன்று உன் முட்டி நுங்கு மாதிரி வீங்கியிருந்தது. சென்னையிலிருந்து துறை ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். கம்பவுண்டர் ஒருத்தர் ஊசி போட்டால் வலி தெரியாது என்று யாரோ சொன்னார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தவன் நான். பஞ்சால் துடைத்து முட்டிக்குள்ளேயே குத்தினார். நீ முழு ஆட்டமும் ஓடினாய், ஒரு கோலும் அடித்தாய், வேலையும் கிடைத்தது. அந்த முட்டி அதற்குப் பிறகு ஒரு நாளும் மாத்திரை இல்லாமல் ஓடவில்லை.

நான் செய்ததில் எனக்கே அருவருப்பானது ஊசி இல்லை. அதை இத்தனை வருஷமும் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுதான். டீக்கடையில், கல்யாண வீட்டில், உன் பிள்ளைகளிடம்கூட: “நான் மட்டும் அன்னிக்கு ஸ்கூட்டர எடுக்கலன்னா இவன் இன்னும் பாத்தியிலதான் நின்னிருப்பான்.” நீ முட்டியைத் தேய்த்துவிட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாய்.

கடைசி வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் உன்னைப் பாண்டிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போகும்போது ஒரு எடை, உடம்பில் தேங்கின தண்ணீரை எடுத்துவிட்டு வெளியே வரும்போது ஒரு எடை. மிஷின்மேல் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்: “கடசீல நான் ஒழுகாத மூட்டை ஆயிட்டேண்டா.” உப்புக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பு விற்கிற நானே உன் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சியை ஊட்டினேன். அப்போதுதான் வாயைத் திறந்து கேட்டேன், என்மேல் கோபமா என்று.

“நீ கூட்டிட்டு வந்தே. நான் கால நீட்டுனேன்” என்றாய்.

“அந்த ஊசி இல்லன்னா வேலையும் இல்ல, படிப்பும் இல்லயேடா.”

“வேலை வாங்கிக் குடுத்தது ஊசி இல்ல. என் காலு.” அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இப்போது போட்டிக்கு வருகிறேன். ஸ்டெல்லாவை உனக்குத் தெரியும். நீ கடைசியாகப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருத்தி, அம்மா பாத்தியில் உப்பு வாருகிறவள். வயது இருபத்திரண்டு. பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஒரு துறையிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். காலையில் நடந்த அரையிறுதியிலேயே அவள் வலது முட்டி திரும்பிவிட்டது. மத்தியானம் பந்தலுக்குப் பின்னால் உட்காரவைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டே இருந்தார்கள், பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி. கமிட்டிச் செயலாளர் என்னிடம் ஓடிவந்தார்.

“அண்ணே, கார் சாவி குடுங்க. ஊசி போடுற ஆளு ஒருத்தர் இருக்காரு, பத்து நிமிஷத்துல கூட்டியாந்துடுறேன்.”

சாவி என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. தண்ணீரில் கலக்க நான் கொண்டுபோன மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை எடுத்தேன். ஸ்டெல்லாவை நல்ல காலில் தாண்டச் சொல்லி, உன்னை மாதிரியே கோடு போட்டேன். அவள் என்னை முறைத்துவிட்டு வலது காலில் தாண்டினாள். பாதி தூரத்தில் முட்டி மடங்கி, கையை ஊன்றி விழுந்தாள்.

“அதுக்கென்னண்ணே” என்றார் செயலாளர். “ஊசி போட்டா கோட்டையும் தாண்டிடுவா.”

உன் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு அதைச் சொன்னார். என்னைவிடப் படித்தவர், நல்ல மனுஷர்தான், அதுதான் இன்னும் சகிக்கவில்லை. நான் சாவி தரமாட்டேன் என்று தெரிந்ததும் யாரையோ பைக் எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். நான் நேராகத் தேர்வாளரிடம் போய், இந்தப் பெண்ணுக்கு முட்டியில் அடி, இன்றைக்கு ஆடவிடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் காகிதத்தில் ஒரு பெயரை அடித்தார். “சரியானதும் பாக்கலாம்” என்றார். வியாபாரத்தில் ‘பாக்கலாம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா நொண்டிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

“அவருக்கு மட்டும் நீங்களே ஸ்கூட்டர்ல போயி ஆளக் கூட்டியாந்து ஊசி போட்டீங்க. ஊரெல்லாம் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் மாமா கோடு போடுறீங்க?”

என் சொந்தக் கதையை என் முகத்திலேயே அடித்துவிட்டாள். கையில் ஒட்டியிருந்த உப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவள் அணி தோற்றது. கோப்பையைக் கொடுக்கச் சொல்லி மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேறு யாரையாவது கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு பெண் பிழைப்பைக் கெடுத்தவன் என்று திடலில் பேசிக்கொண்டார்களாம். கெடுத்தேனா என்று எனக்கே தெரியாது. நீ இருந்திருந்தால் அந்தக் கோட்டை நீ போட்டிருப்பாய், அவளும் திட்டாமல் கேட்டிருப்பாள். நான் போட்டதால்தான் அது கசந்தது.

அடுத்த வருஷம் உன் பெயரில் போட்டி நடந்தால் மருந்துக்காரன் விளம்பரம் இருக்காது. இருந்தால் நான் இருக்கமாட்டேன், கமிட்டியில் சொல்லியாகிவிட்டது. அந்த ஸ்கூட்டர் கதையை இனி யாரிடமும் பெருமையாகச் சொல்லமாட்டேன். சொன்னால் முழுசாகச் சொல்வேன், கஞ்சி வரைக்கும்.

எடை மிஷினைக் கிடங்கு வாசலிலேயே வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் உன் ஆட்கள் வந்து ஏறுகிறார்கள். ஸ்டெல்லா வருவதில்லை. நேற்று அவள் அம்மா பாத்தியிலிருந்து போகும்போது வாசலில் நின்றாள். டாக்டரிடம் காட்டினார்களாம், உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம், ஓய்வு, அப்புறம் பயிற்சி.

“எம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்குறாளா?” என்று கேட்டேன்.

“உங்க பேர எடுத்தாலே எழுந்து போயிடுறா” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா டாக்டரு இன்னும் வேணான்னு சொல்லியும் கேக்கல. நேத்து வாசல்ல உப்பப் போட்டு ஒரு கோடு கிழிச்சி, ஒத்தக் கால்ல தாண்டிப் பாத்தா.”

“தொட்டாளா?”

அவள் உப்புக் கையை என் முன்னால் நீட்டி விரல்களை விரித்தாள். கோட்டுக்கு ஒரு சாண் குறைவு.

அந்தச் சாணைத்தான் நான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். நான் தூக்கிய எந்த மூட்டையும் இவ்வளவு கனத்ததில்லை.