நான் வெட்டி எறிந்த குரல்

என் ஆசை அப்பா,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

அம்பிட்டிய வீட்டு முன்னறையில் நாம் மூன்று பேரும் வேலை செய்வோமே. பழைய கிராமபோன் தட்டுகளை அம்மா சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைப்பார். நீங்கள் ஊசி வைப்பீர்கள். பாட்டு கணினிக்குள் வந்ததும் வேண்டாததை நான் வெட்டுவேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறக்க முடியாமல், பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு நீங்கள் தந்த வேலை. "இங்க நீ பேசவே வேணாம் பாப்பா. கேட்டா போதும்" என்றீர்கள்.

பேசுவது நீங்கள்தான். நான் குழம்பாமலிருக்க, பதிவை ஓடவிட்டு, ஊசி வைக்குமுன், "தட்டு எழுபத்திரண்டு, முதல் பக்கம்" என்பீர்கள்.

"என்னங்க, ரேடியோ அறிவிப்பாளர்னு நெனப்பா?" என்பார் அம்மா.

"ஆமா. ரசிகை நீ ஒருத்திதான்."

அந்தக் காலத்தில் பாடியவர்கள் பாட்டு முடிந்ததும் தட்டிலேயே தங்கள் பெயரைச் சொல்வார்கள். ஓர் அப்பாவும் இரண்டு மகன்களும் பாடிய தட்டில், சின்னவன் முந்திக்கொண்டு பெயர் சொல்ல, அப்பா அதட்டுவதும் பதிந்திருந்தது. வெட்டப் போனேன். கையைப் பிடித்தீர்கள். "அது அவங்க இருந்ததுக்கு சாட்சி. என் சத்தம்தான் குப்பை. அத வெட்டு."

வெட்டினேன் அப்பா. மூன்று வருடம், ஒவ்வொரு தட்டிலும். கணினியில் இடம் போதாதென்று வெட்டியதையும் அழித்தேன். உங்கள் பழைய பட்டன் ஃபோனிலும் ஒன்றுமில்லை. "ஒண்ணாவது தப்பியிருக்கும், தேடு" என்கிறார் அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். ஒரு நாளாவது நான் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா?

பத்திரிகையில் இதை வாசிக்கும் யாரிடமாவது நீங்கள் பேசியது பதிந்து கிடக்குமா?

நேற்று, நமக்குத் தட்டுகளைப் பதியத் தரும் அக்குறணை முதலாளி மிச்சத் தட்டுகளைக் கொண்டுவந்தார். அம்மா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எண்ணைச் சொல்ல வேண்டியது நான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வாயே வரவில்லை.

"அவரு போனாரு, நீயும் ஊமையாகிட்டியா?" என்று கேட்டுவிட்டு, ஊசியை வைக்காமலே அம்மா எழுந்துபோனார். உள்ளே அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை.

நாளைக்கு அந்தத் தட்டை மறுபடி வைப்போம். அழுதாலும் எண்ணை நான் சொல்வேன். அம்மா இருமினாலும், என்னைத் திட்டினாலும், எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு மூச்சைக்கூட வெட்ட மாட்டேன் அப்பா.

உங்கள் ஒரே மகள்,
பாப்பா