எரியாத பச்சைப் புள்ளி

மார்ச் 3
புள்ளி இன்று தளத்தில் ஏறிவிட்டது. எங்களுடையது மறுமணத்துக்கு வரன் தேடும் இணையதளம். பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக எரிந்தால் அந்த ஆள் இப்போது உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டாலும் எரியும்.

அது பொய்யில்லையா என்று கிரிதர் ஸாரிடம் கேட்டேன். "விளக்கு எரியாத கடைக்குள்ள யாரும்மா நுழைவாங்க?" என்றார். முதலாளி. நானும் அதற்கான நிரலை எழுதிக் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் சில புள்ளிகள் அணையும்படி செய்தது என் சொந்த யோசனை. மனுஷத்தனமாக இருக்கிறது என்று பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 9
கீழ் வீட்டு வனஜக்கா, என் வீட்டுக்காரம்மா, புதுப் போன் வாங்கியிருக்கிறார். விவாகரத்தாகி ரொம்ப வருஷம். போன வருஷம் நான்தான் வற்புறுத்தி எங்கள் தளத்தில் பதிந்து கொடுத்தேன். இன்றைக்குத்தான் திறந்து பார்த்திருக்கிறார். தாவணகெரே ஆள் ஒருத்தர், சிவயோகியாம், மூன்று முறை எழுதியிருக்கிறார். "நாள் முழுக்க இங்கதான் உக்காந்திருக்கேனாம். ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவேன்னு கேக்கறான். என்ன திமிரு பாரு" என்று, இனி எழுத முடியாதபடி அவரைத் தடுத்தே விட்டார். சிலபேர் அப்படித்தான் அக்கா என்றேன். சேர்ந்து சிரித்தோம்.

மார்ச் 13
அக்காவுக்கு சாகரம் என்கிற ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறது. பாக்குத் தோட்டம், மனைவி இல்லை. எப்போது பார்த்தாலும் பச்சை எரிகிறதாம். எழுதினால் பதில் இல்லை. "உள்ளதான் இருக்காரு மேதினி. படிச்சிட்டு சும்மா இருக்காரு. எங்கிட்ட என்ன குறைன்னு சொல்லிட்டாவது போகலாம்ல?"

நான் காபி ஆறுகிறது என்றேன்.

மார்ச் 14
ஆபீஸில் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். அந்த மனிதர் கடைசியாக வந்தது போன தீபாவளிக்கு முன்னால்.

மார்ச் 18
அக்கா மாம்பழக் கலரில் புடவை கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். பழைய போட்டோவில் கிழவி மாதிரி இருக்கிறாராம், புதிதாக எடுக்கச் சொன்னார். எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க அக்கா" என்று வேறு சொன்னேன்! சுடச்சுட ரவை உப்பிட்டு கொண்டுவந்திருந்தார். சொல்லிவிட வாயைத் திறந்தேன். உப்பிட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். சீ, என்ன ஜென்மம் நான்?

மார்ச் 21
சாகரத்துக்காரரின் புள்ளியை மட்டும் அணைத்துவிட்டேன். அக்கா தானாக மறந்துவிடுவார்.

மார்ச் 22
மறக்கவில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. "முந்தாநாள் என் கதையெல்லாம் எழுதிட்டேன். அதிகமாப் போச்சு போல. பயந்து போயிட்டாரு. விளக்கே அணைஞ்சிடுச்சு."

அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — புள்ளி பொய், எழுதியது நான், அந்த மனிதர் எதையும் படிக்கவே இல்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அப்போ என் பேருக்குப் பக்கத்துலயும் எரிஞ்சுதா? நான் போனையே தொடாதப்பவும்?"

"எரிஞ்சுது அக்கா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு அந்த சிவயோகி நினைவுக்கு வந்தார். அன்றைக்குச் சிரித்தோமே.

மார்ச் 24
புள்ளியை எடுக்க வேண்டும் என்றேன். கிரிதர் ஸார் முடியாது என்றார். நானே எடுத்துவிட்டேன், எல்லோருடையதையும். சாயங்காலம் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். வேலை போனதற்கு அழுகை வரவில்லை. அதைத் தண்டனை என்று கணக்கு வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மார்ச் 30, உகாதி
இத்தனை நாள் பேசாத அக்கா காலையில் கீழே கூப்பிட்டார். கையில் வேப்பம்பூவும் வெல்லமும் வைத்தார். பிறகு போனை நீட்டினார். சிவயோகியின் தடையை எடுத்துவிட்டு எழுதியிருந்தார்: "அப்போது நான் அங்கே இல்லை. உங்களை மதிக்காமல் இல்லை."

அனுப்பி நாலு நாளாகிறதாம். அதற்குக் கீழே பதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"அவரு இன்னும் இங்க வர்றாரா, கோவிச்சிட்டுப் போயிட்டாரான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?"

அவர் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் எரியவில்லை. அணைத்தது நான்.

"தெரிஞ்சுக்க முடியாது அக்கா. பதில் வந்தாத்தான்."

"சரி" என்றார். போனைத் தட்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்துவிட்டு, எனக்குப் பூரணம் வைத்த ஹோளிகே போட்டார்.