உங்களுக்கு வைத்திருந்த திட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள்.

போன வாரம் எங்கள் ஸ்கேன் அறைக்கு ஒரு தச்சர் இருமலோடு வந்தார். கட்டைவிரலும் நாலு மாதமாக வீக்கம். நகச்சுற்று என்று களிம்பு தடவியிருக்கிறார். படிவத்தில் 'முன்பு ஆபரேஷன்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். நெஞ்சு ஸ்கேனின் கீழ் ஓரத்தில் பார்த்தால் வலது கிட்னியே இல்லை.

"ஏங்க, கிட்னி எங்க?"

"கேன்சர்னு பன்னெண்டு வருஷம் முந்தியே எடுத்துட்டாங்கம்மா. போனதை எதுக்கு எழுதணும்?"

எனக்கு வந்ததே கோபம்! டாக்டர் விரலையும் படமெடுக்கச் சொன்னார். எலும்பு அரித்திருந்தது. அதே கிட்னி கேன்சர்தான் என்று நேற்று சோதனையில் உறுதியானது. விரலுக்குப் பரவுவது அபூர்வம். பழைய கதையைச் சொல்லி முதல் மாதமே டாக்டரிடம் காட்டியிருந்தால், அப்போதே தேடியிருப்பார்கள்.

அன்று அவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அது அவருக்கு வைத்திருந்த திட்டே இல்லை. அதே கேன்சருக்கு உங்கள் இடது கிட்னியை எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு மாதமாகச் சட்டை போடக்கூடத் தோளைத் தூக்க முடியவில்லையாம். தைலம் தேய்த்துக்கொண்டு, "அவகிட்ட மூச்சு விடாதே" என்றீர்களாம். அம்மாவை முறைக்காதீர்கள்.

அது வெறும் தோள்வலியாகவே இருக்கலாம். அதை ஸ்கேன் சொல்லட்டும், தைலம் சொல்ல வேண்டாம். கடிதம் கிடைத்த மறுநாளே போங்கள். பீரோ மேலுள்ள பழைய ஸ்கேன் படங்களை மடிக்காமல் எடுத்துப்போங்கள். படிவத்தில் 'இடது கிட்னி' என்று நீங்களே எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தும் நாளாகிறது.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

கோபம் தீராத
உங்கள் மகள்