குமாரவேல் மாமாவின் ஸ்டோர் வீடு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வரதராஜரைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். போனில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதுவும் இல்லாமல் வீட்டில் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், வாய்விட்டுப் பேச முடியவில்லை. உன் அறையில் அன்னம்மாளும் அவள் மருமகளும் இருக்கிறார்கள். மருமகளுக்கு நிறைமாதம். ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி.

நம் தெருவுக்குப் பின்னால் குமாரவேல் மாமாவின் ஸ்டோர் வீடு இருக்கிறதல்லவா, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் போர்ஷன்கள், பின்னால் பொதுக் குழாய். உன் தாத்தாவின் தாத்தா கட்டியது, பாகம் பிரித்தபோது மாமாவுக்கு வந்தது. இந்த ஐப்பசி மழையில் அதன் கடைசிப் போர்ஷன் சுவர் பிதுங்கிவிட்டது. அங்கே குடியிருந்தது அன்னம்மாளும், ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் மகன் ஜோசுவாவும், மருமகளும். அன்னம்மாள் ஒரு காலை என்னிடம் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், “ஏம்மா, நீ கவுன்சிலரா, வீட்டு ஓனரு தங்கச்சியா? எதுன்னு சொல்லிடு, அதுக்குத் தகுந்தா மாதிரி பேசிட்டுப் போறேன்” என்றாள். சுவரைச் சரி செய்து தரச் சொல்லத்தான் வந்திருந்தாள். போன தேர்தலில் வெயிலில் வீடு வீடாக ஏறி எனக்கு ஓட்டுக் கேட்டவர் மாமா. அவர் இல்லாமல் நான் இந்தப் பதவிக்கு வந்திருக்க மாட்டேன்.

மாமாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். “மழ நிக்கட்டும், பூசிடறேன். காஞ்சிபுரத்துல எந்தச் சுவருதான் வெடிக்காம இருக்குது?” என்று சிரித்துவிட்டார். மழை நிற்கவில்லை. நானே போய்ச் சுவரில் கை வைத்தேன், ஈர மண் கையோடு வந்தது. அந்தப் பக்கம் தலை வைத்துத்தான் அந்த நிறைமாதப் பெண் படுக்கிறாள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை, மாநகராட்சி இன்ஜினியரை வரச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, “மேடம், உங்க அண்ணன் பில்டிங்காச்சே, ஆபத்துன்னு எழுதட்டுமா?” என்று என் முகத்தைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். ஒரு சுவரைச் சரி செய்ய உத்தரவு வரும் என்று நினைத்தேன். வந்ததோ, மொத்த ஸ்டோரையும் காலி செய்யும் உத்தரவு. ஜனங்கள் சட்டி பானையோடு தெருவில் நின்றார்கள். அன்னம்மாள் என்னைப் பார்த்து, “சுவத்தப் புடிச்சி நிறுத்தச் சொன்னா எங்களயே புடிச்சித் தள்ளிட்டியே” என்று அழுதாள். ஒருவர் ஏனாத்தூர், ஒருவர் ஐயம்பேட்டை என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். அன்னம்மாள் குடும்பத்துக்குப் போக இடமில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா முணுமுணுக்கிறார், ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காலையில் இளநீர் வாங்கி வருவதும் அவர்தான்.

உன் தாத்தா ஒன்று சொல்வார், உனக்கும் சொல்லியிருப்பார். ஊரில் பிளேக் வந்த காலத்தில் முனிசிபாலிட்டிக்காரர்கள் இதே ஸ்டோருக்குள் அறை அறையாக வந்து பார்த்தார்களாம். ஜன்னல் இல்லாத அறையில் ஆள் படுக்கக் கூடாது, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சொல்லிக் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்களாம். அப்புறம்தான் எல்லா அறைக்கும் ஜன்னல் வந்தது என்று பெருமையாக முடிப்பார். வெளியேறினவர்கள் எங்கே போனார்கள், திரும்பி வந்தார்களா என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது அதே நினைப்பாக இருக்கிறது.

நான் பயந்த மாதிரியே ஆனது. முதலில் என்னோடு பேசாமல் இருந்த மாமா ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார். “நல்லதாப் போச்சு அம்சா. கோயிலுக்கு வர்றவங்க கார் நிறுத்த எடம் இல்லாம சுத்திக்கினு இருக்காங்க. மொத்தமா இடிச்சிட்டு கார் நிறுத்தற எடமா போட்டுடறேன்” என்றார். “அண்ணா, சுவரு சரியாகி அவங்க அங்கயே இருக்கறதுக்குத்தான் நான் எழுதச் சொன்னேன். கார் நிறுத்த அனுமதி கேட்டு வந்தா கூட்டத்துல மொத ஆளா எழுந்து வேணாம்னு சொல்றது நானாத்தான் இருப்பேன்” என்றேன். “அடுத்த தடவ உனக்கு எவன் ஓட்டுக் கேட்டு வர்றான்னு பாக்கறேன்” என்று காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் போய் அந்தச் சுவரைப் பார்க்கிறேன். விழவில்லை. விழுந்தால் நான் செய்தது சரி என்று ஊர் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, அப்படித் தோன்றியதே எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை ஸ்டோர் வாசலில் லாரி. இடிக்க வந்துவிட்டார்கள் என்று ஓடினேன். சவுக்குக் கட்டைகளை இறக்கி நடுச்சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா என் பக்கம் திரும்பாமலே, “நடுவுல எல்லாம் கெட்டியா இருக்குதுன்னு மேஸ்திரி சொல்றாரு. அந்தக் கடைசிப் போர்ஷன மட்டும் இடிச்சிட்டு மத்தத ரிப்பேர் பண்ணிடறேன். பழைய ஆளுங்களே வரட்டும்” என்றார். என் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டாரா என்று இருந்தது, பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. எல்லாருக்கும் வீடு திரும்பக் கிடைக்கும், முதலில் வந்து சொன்ன அன்னம்மாளுக்குத்தான் கிடையாது. அவளிடம் சொல்ல வாய் வராமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவு எழுதிய பிறகு எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். இன்னொரு போர்ஷன் கேட்டு மாமாவிடம் நானே போகிறேன் என்றேன். “கேளு. ஆனா அந்த வாசக்கதவு நாங்க போட்டது. ஜோசுவா கல்யாணத்துக்குப் போட்டது. இடிக்கறதுக்கு மின்ன அத மட்டும் கழட்டித் தரச் சொல்லு” என்றாள். சாயங்காலம் ஜோசுவா அதை ஆட்டோ மேல் கட்டி எடுத்து வந்துவிட்டான். உன் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

நீ தை மாதம் வரும்போது கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும், முகம் சுளிக்காதே. மாமா போன் செய்தால் எடு, எனக்காக அவரிடம் சண்டை போடாதே, அத்தையின் முழங்கால் வலியை விசாரி. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு.

உன் அன்பு அம்மா,
சீ. அம்சா